மேருவில் ஒற்றைத் தூண்குழி

உங்களில் பாதிப் பேராவது பிரமிட்டுக்காகத்தான் தொல்லியல் படிக்க வந்திருப்பீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் சுமேரியாவுக்காக வந்தேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். பள்ளி நூலகத்திலிருந்த உலக வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பழைய நகரத்தின் பெயர் 'ஊர்' என்று போட்டிருந்தது. ஊர்! எனக்கென்றே யாரோ எழுதி வைத்தது போலிருந்தது. பல்கலைக்கழகத்தில் முதலாண்டுக் கட்டுரைக்கு அதையே எடுத்துக்கொண்டேன். சுமேரியரின் ஊரும் நம்முடைய ஊரும் ஒன்றே என்று பன்னிரண்டு பக்கம் எழுதினேன். எழுதி முடிக்கும்வரை சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். விரிவுரையாளர் திருப்பிக் கொடுத்த கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், சிவப்பு மையில், மலாயில் இரண்டே வரி இருந்தது. “கேள்வி நன்று. ஆதாரம் இருக்க வேண்டிய இடத்தில் ஆசை இருக்கிறது.”

அவர்மேல் வந்த கோபம் ஆற எனக்குப் பல வருஷம் பிடித்தது. அந்த இரண்டு வரியின் அருமை கிள்ளானை ஒட்டிய மேருவில்தான் தெரிந்தது. அந்த மேருக் கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். அதில் தப்புச் செய்தவள் நான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரியவந்தால் கதை கேட்கிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

சுமேரியாவுக்கு நான் கடைசிவரை போகவில்லை. இருபத்தெட்டு வருஷம் மெசொப்பொத்தாமியா, சிந்துவெளி, எகிப்து எல்லாம் வகுப்பில் நடத்தினேன். தோண்டியதென்னவோ கிள்ளான் பள்ளத்தாக்கின் களிமண்ணை. தொழிற்சாலையோ கிடங்கோ எழும்பும் முன்பு நிலத்தைப் பார்த்து, அடியில் பழையது ஏதும் இருக்குமா என்று எழுதிக் கொடுக்கும் வேலையும் எனக்கு இருந்தது. அப்படித்தான் மேருவில் ஒரு கிடங்கு கட்டும் இடத்துக்குப் போனேன். முதலில் ரப்பர், பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனை என்று கை மாறிய நிலம். ஆறு சோதனைக் குழி போட்டேன். ஒன்றும் இல்லை. 'கட்டலாம்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அங்கே எக்ஸ்கவேட்டர் ஓட்டியவர் பெயர் குணா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். குழி போட்ட அன்று முழுக்க என் பின்னாலேயே நின்று, “இது என்னா மண்ணு டீச்சர், அது ஏன் கறுப்பா இருக்கு டீச்சர்” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது என் நம்பரைக் கொடுத்தேன்.

“அண்ணே, தோண்டும்போது வித்தியாசமா எதாச்சும் வந்தா ஒரு படம் எடுத்து அனுப்புங்க.”

“அனுப்புறேன் டீச்சர். நம்ம கண்ணுல தப்பாது.”

அவர் கண்ணில் தப்பவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. சேற்றோடு ஒரு நீளமான துருப்பிடித்த இரும்பு. அளவு தெரிவதற்காகத் தன் இடது கால் சிலிப்பரைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். நான் ஒரு மாணவியின் ஆய்வேட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன், மறுநாள் கொடுக்க வேண்டியது. படத்தை மூன்று விநாடி பார்த்திருப்பேன். தோட்டத்துக் கருவி எதோ ஒன்றின் உடைந்த துண்டு என்று தோன்றியது. “பழைய தோட்டச் சாமான் அண்ணே. பரவால்ல, வேலைய பாருங்க” என்று தட்டிவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

ஒன்பது நாள் போனது.

இரண்டாமாண்டு வகுப்பில் இந்த நாட்டின் இரும்புக்காலத்தைப் பற்றிப் பாடம். மண்ணில் அகப்படும் ஒருவகை இரும்புக் கருவிக்கு மலாய்க்காரர்கள் துலாங் மாவாஸ் என்று பேர் வைத்திருக்கிறார்கள். மாவாஸ் என்ற காட்டுக் குரங்கின் எலும்பு என்று அர்த்தம். நீளமாக, ஒரு பக்கம் அலகும் மறு பக்கம் பிடி செருகும் துளையுமாக இருக்கும். கண்டெடுத்த இடங்கள் கொஞ்சம். யார் செய்தார்கள், எங்கே குடியிருந்தார்கள் என்பது இன்னும் சரியாகத் தெரியாது. இதையெல்லாம் வருஷா வருஷம் சொல்கிற மாதிரியே சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு பையன், “எவ்ளோ நீளம் இருக்கும் டாக்டர்?” என்று கேட்டான்.

இவ்வளவு என்று காட்ட இரண்டு கையையும் விரித்தேன். விரித்த கை அப்படியே நின்றுவிட்டது. அந்த இடைவெளியில் ஒரு சிலிப்பரை வைத்துப் பார்த்தது மனசு.

வகுப்பை முடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சேறு மூடியிருந்தாலும் துளையின் விளிம்பு தெரிந்தது. எப்படித் தெரியாமல் போனது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்தக் கருவியைப் பற்றி மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான்.

உடனே குணா அண்ணனைக் கூப்பிட்டேன்.

“அதா டீச்சர்? நீங்கதான் தோட்டச் சாமான்னு சொன்னீங்களே. பழைய இரும்போட போட்டுட்டேன். லோரிக்காரன் வந்து ஏத்திட்டுப் போய்ட்டான்.” கொஞ்சம் நிறுத்தி, “ஏன் டீச்சர், எதும் முக்கியமான சாமானா?” என்று கேட்டார்.

“எந்தக் கடை லோரி அண்ணே?” என்றேன். என் குரலிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

கிள்ளானில் அந்தப் பழைய இரும்புக் கடைக்கு இரண்டு பேரும் போனோம். மலை மாதிரி குவித்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் சிரித்தார். “போன வாரமே உருக்க போய்டுச்சு boss. இரும்புன்னா இரும்புதான், அதுல பழசு புதுசு பாக்க முடியுமா?” குணா அண்ணன் அந்தக் குவியலில் ஏறி ஒரு மணி நேரம் புரட்டினார். கையைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம்.

பொருள் போனால் போகட்டும், அது கிடந்த மண் இருக்கிறதே. மேருவுக்கு ஓடினேன். கிடங்குத் தரையில் பெரும்பகுதிக்கு ஏற்கனவே சிமெண்டு ஊற்றியாகிவிட்டது. இரும்பு கிடைத்த இடமும் அதற்குள் போயிருந்தது. ஒட்டினாற்போல ஒரு மூலை மட்டும் பாக்கி. சனிக்கிழமை அதையும் ஊற்றப்போகிறார்கள். அன்று புதன்.

அந்த வேலைக்கு மேலாளர் மிஸ்டர் லிம். மெதுவாகப் பேசும் மனிதர். என் அறிக்கையின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“மேடம், ஒன்னும் இல்லன்னு நீங்கதான சைன் பண்ணீங்க?”

“நான்தான். நான் பண்ணது தப்பு.”

“தப்புன்னு இன்னொரு லெட்டர் குடுங்க. மேல அனுப்புறேன். பதில் வர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் நான் மெஷின நிறுத்த முடியாது லா. எனக்கும் வேல போய்டும்.”

அவர் சொன்னதில் தவறில்லை. கடிதத்தை அன்றைக்கே எழுதினேன். துறையில் எனக்கு மேலே இருந்தவர், நல்ல எண்ணத்தோடுதான், ஒரு யோசனை சொன்னார். “'தவறாகக் கணித்துவிட்டேன்' என்று ஏன் எழுதுகிறீர்கள்? 'புதிய தகவல் கிடைத்திருப்பதால்' என்று மாற்றுங்களேன்.” மாற்றினேன். அச்சடித்தும் பார்த்தேன். வாசித்தபோது அந்தத் தகவல் ஏதோ அன்றைக்குத்தான் வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருந்தது. என் கைக்கு வந்து ஒன்பது நாள் கிடந்த தகவல் அது. கிழித்துவிட்டுப் பழைய வார்த்தையையே போட்டேன். இதை வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். குணா அண்ணன் போனில் அந்த மெசேஜ் இருக்கிறது என்ற பயமும் கொஞ்சம் இருந்தது.

இதற்குள் குணா அண்ணன் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்திருந்தார். எனக்கு உதவுவதாக நினைத்து, தான் எடுத்த படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அங்கிருந்து அது எங்கெங்கோ போய், வெள்ளிக்கிழமை காலையில் என் போனுக்கே திரும்பி வந்தபோது 'மேருவில் சோழர் படையின் ஆயுதம்' என்று தலைப்பு ஏறியிருந்தது.

மேருவுக்குப் போனால் கிடங்குக் கேட்டு வாசலில் ஐம்பது அறுபது பேர். மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர்கள், கடையைச் சாத்திவிட்டு வந்தவர்கள், கையில் பூத்தட்டோடு இரண்டு மூன்று பெண்கள். எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம். எனக்கு அந்த முகம் தெரியும். 'ஊர்' என்று படித்த அன்று கண்ணாடியில் நான் பார்த்த முகம்தான் அது. இந்த நாட்டில் நாலு தலைமுறை இருந்தும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்கப்பட்டவர்கள் இவர்கள். மண்ணுக்குள்ளிருந்து ஒரு பதில் கிடைத்துவிட்டது என்று ஓடி வந்திருந்தார்கள்.

அவர்களைக் கூட்டி வந்த உள்ளூர்த் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர், வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர், என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

“டீச்சர், உங்களுக்கு அந்த எடத்த தோண்டணும். அவ்ளோதான?”

“ஆமாங்க அங்கிள்.”

“ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. நம்ம சாமான்னு சொல்லுங்க. பேப்பர்காரங்க பத்து மணிக்கு வராங்க. அதுக்கப்புறம் இந்த கேட்ட எவனும் தொறக்க முடியாது. ஒரு மாசம் இல்ல, ஒரு வருஷம் நிறுத்தி வைப்போம்.”

அது வெறும் பேச்சில்லை. அவரால் முடியும். காவலர் கொட்டகையின் ஜன்னலுக்குப் பின்னால் மிஸ்டர் லிம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் அது தெரிந்திருந்தது.

பிள்ளைகளே, உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. நான் யோசித்தேன். பொய்கூட வேண்டாம், 'இருக்கலாம்' என்று சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு வருஷம் கிடைக்கும். சிமெண்டைக்கூட உடைத்துப் பார்க்கலாம். இந்த மண்ணில் இரும்பை அடித்து வாழ்ந்த மனிதர்கள் யார், எப்படி வீடு கட்டினார்கள், எதைச் சமைத்தார்கள் என்று முதல் தடவையாகக் கண்ணால் பார்க்கலாம். அவ்வளவு ஆசை எனக்கு.

கூட்டத்தின் முன்னால் போய் நின்றேன்.

“இது நம்ம சாமானான்னு கேக்கறீங்க. அப்படிச் சொல்ல எங்கிட்ட ஒரு ஆதாரமும் இல்லங்க. சோழருக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கற மாதிரி தெரியல. இந்த மாதிரி இரும்பு இந்த நாட்டு மண்ணுலதான் கெடைக்குது. ரொம்ப பழசு. செஞ்சவங்க யாருன்னு எங்களுக்கே தெரியாது. அத தெரிஞ்சிக்கத்தான் தோண்டணும்னு கேக்கறேன். நீங்க கூட நின்னா எனக்குப் பெரிய பலம்.”

பின்னாலிருந்து ஓர் இளைஞன், “நம்ம சாமான் இல்லன்னா எதுக்கு எங்கள வர வச்சீங்க?” என்றான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. பூத்தட்டு கொண்டுவந்த பெண் தட்டைத் துண்டால் மூடிக்கொண்டார். மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. செயலாளர் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போனார். ஒன்பதரை மணிக்குக் கேட்டு வாசலில் நானும் குணா அண்ணனும் மட்டும் நின்றோம்.

“ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே டீச்சர்,” என்றார் அவர். கண் கலங்கியிருந்தது.

“அண்ணே, நாளைக்கு நெசமாவே நம்ம சாமான் ஒன்னு கெடச்சு, நான் வந்து சொன்னா, அன்னிக்கு என்னை யாரு நம்புவா?”

அவர் போய்த் தன் எக்ஸ்கவேட்டரின் படியில் உட்கார்ந்துகொண்டார்.

மிஸ்டர் லிம் வெளியே வந்தார். “மேடம், சிமெண்டு லோரிய மண்டே காலைல ஏழு மணிக்கு மாத்திட்டேன். மழ வரும்னு சொல்லிருக்கேன். அந்த மூலைய எடுத்துக்கோங்க. அதுக்கு மேல என்னால முடியாது,” என்றார். ஏன் செய்தார் என்று நான் கேட்கவில்லை.

எட்டு மாணவர்கள் வந்தார்கள். மூலை என்பது நடந்து அளந்தால் நீளத்தில் பத்துத் தப்படி, அகலத்தில் ஆறு. மேல்மண்ணை ஆட்கள் வாரினால் ஒரு நாள் போய்விடும். குணா அண்ணன் மெஷினில் ஏறினார். பல் இல்லாத தட்டை வாளியை மாட்டிக்கொண்டு, தோசைக்கல்லில் மாவைத் தேய்க்கிற மாதிரி, ஒவ்வொரு தடவையும் இரண்டு விரல்கடை கனத்துக்கு மண்ணைச் சீவி எடுத்தார். அவ்வளவு பெரிய இரும்புக் கையில் அப்படியொரு மென்மையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சனிக்கிழமை முழுக்க வெறும் களிமண். ஞாயிறு மத்தியானம்வரை அதே களிமண்.

நாலு மணி இருக்கும். மண்டியிட்டுச் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு மாணவி, “டாக்டர்” என்றாள். குரலே மாறியிருந்தது.

மஞ்சள் களிமண்ணில் கறுப்பாக ஒரு வட்டம். சாப்பாட்டுத் தட்டு அளவு. பாதியை வெட்டி எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தோம். கறை நேராகக் கீழே இறங்கி, அடியில் தட்டையாக முடிந்தது. சுற்றிலும் வேறு மண்ணைப் போட்டு இறுக்கமாகக் குத்தியிருந்தார்கள். மரவேர் அப்படி இறங்காது. யாரோ ஒருவர் குழி வெட்டி, தூணை நட்டு, அது ஆடாமலிருக்க மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தியிருக்கிறார். தூண் மக்கிப்போய்விட்டது. அது நின்ற இடம் மட்டும் நிறமாக மிஞ்சியிருந்தது.

எல்லோரும் குனிந்து நின்று பார்த்தோம். குணா அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“ஒரு காலுதானா டீச்சர்? வீடுன்னா நாலு காலாச்சும் வேணுமே.”

வேணும். ஒரு தூண்குழியை வைத்து வீட்டைச் சொல்ல முடியாது. இரண்டாவது கிடைத்தால் திசை தெரியும், மூன்றாவது கிடைத்தால் அகலம் தெரியும். இருட்டும்வரை மூலை முழுக்கச் சுரண்டினோம். வேறொன்று இல்லை. இருந்தால் இரும்பு கிடைத்த அந்தப் பக்கம்தான் இருந்திருக்கும், காய்ந்து இறுகிய சிமெண்டுக்கு அடியில். மண்ணடுக்குகளைப் பதிவு செய்துகொண்டோம். காலத்தைக் கணிக்கக் கொஞ்சம் கரித்தூள் எடுத்துக்கொண்டோம். திங்கள் காலை ஏழு மணிக்கு லோரி வந்தது.

கரித்தூளில் செம்பனை வேரின் கரியும் கலந்திருந்தது. அதனால் காலத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே என் அறிக்கையில் இருப்பது இவ்வளவுதான். காலம் தெரியாத ஒரு தூண்குழி, உருகிப்போன ஓர் இரும்பின் படம், அதைத் தவறாகக் கணித்தவர் பெயர். படத்திலிருந்து நீளம் கணக்கிட வேண்டுமென்று சொன்னபோது, குணா அண்ணன் அந்த இடது கால் சிலிப்பரைக் கழுவி, பிளாஸ்டிக் பையில் போட்டு, மோட்டார் சைக்கிளில் பல்கலைக்கழகத்துக்கே கொண்டுவந்தார். துறை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்க அளந்தோம். அறிக்கையில் 'அளவுகோல்: ரப்பர் சிலிப்பர்' என்று இருக்கும். தேடிப் பார்த்தால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுக் கொஞ்சம் அந்தத் துளையின் விளிம்பையும் பாருங்கள்.

ஒரு வருஷம் எனக்கு நில ஆய்வு வேலை கொடுக்கவில்லை. நியாயம்தான். அதைவிடப் பெரிய தண்டனை ஒன்று உண்டு. இன்றும் ஹைவேயில் மேரு பலகையைப் பார்த்தால் கால் தானாகப் பிரேக்கில் விழுகிறது. அந்தக் கிடங்கின் தரைக்கடியில் மூன்றோ ஐந்தோ கறுப்பு வட்டங்கள் இருக்கக்கூடும். ஒன்றைத்தான் நான் பார்த்தேன். ஊரையும் எகிப்தையும் பார்க்காமல் போனதுகூட எனக்கு இவ்வளவு ஏக்கமாக இல்லை. அவற்றை வேறு யாராவது பார்த்திருக்கிறார்கள். இந்த வீட்டை யாருமே பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு குணா அண்ணன் எனக்குப் படம் அனுப்புவதில்லை, நானே வேண்டாமென்று சொல்லிவிட்டேன். “கூப்பிடுங்கண்ணே, நான் வரேன்.” அவர் கூப்பிட்டிருக்கிறார், ஒன்பது தடவை. ஒன்பது தடவையும் போனேன், ஓய்வு பெற்ற பிறகு இரண்டு தடவை. ஒருமுறை மாட்டு எலும்பு, ஒருமுறை யாரோ புதைத்த நாய், மற்றதில் பெரும்பாலும் கண்ணாடிப் போத்தலும் தகரமும்.

கடைசியாகப் போன மாதம் போர்ட் கிள்ளானிலிருந்து கூப்பிட்டார். “டீச்சர், செங்கல்லு வரிசையா தெரியுது. மெஷின நிப்பாட்டிட்டேன்.” ஜாமில் இரண்டு மணி நேரம் ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். வேலை நின்றுபோனதில் மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தேன். பத்தே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

“லொங்காங் அண்ணே. பழைய தண்ணி வாய்க்கா. நம்ம தாத்தா காலத்துது.”

“வேஸ்ட்டா டீச்சர்? இவ்ளோ தூரம் வர வச்சிட்டேனே.”

“அதெல்லாம் இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் மெஷின போடாதீங்க.”

அவர் மேலே மெஷின் படியில் உட்கார்ந்துகொண்டார். இவ்வளவு பெரிய இயந்திரம் நின்றவுடன் வருகிற அமைதி இருக்கிறதே, அதை நீங்களும் ஒருநாள் கேட்பீர்கள். ஈர மண்ணின் வாசம், எங்கோ துறைமுகத்தில் கப்பல் சங்கு. வாய்க்காலுக்குக் கீழே இன்னும் யாரும் தொடாத மண் இருந்தது. நான் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.